ஒட்டு முடி வைத்துக்கொள்ளக் கூடுமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



காரைக்காலில் நிக்காஹ் காலம் தொடங்கிவிட்டால் பாரதியார் சாலைக் கடைகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்திறங்கும் உறவினர்களால் வீடுகள் நிறைகின்றன. அப்படிப்பட்ட ஒரு நாளில், அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பெரியவர் ஒருவர் வந்தார். “ஹஜ்ரத்! என் மகள் உங்களிடம் ஒரு மஸ்அலா கேட்க வேண்டும் என்கிறாள். வீடு வரை வர முடியுமா?” என்றார். சென்றோம்.

திரைக்கு அப்பாலிருந்து அவருடைய மகள் பேசினார். அவருடைய பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமாகி ஐந்து மாதமாகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தபோது பெண்ணின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. “இந்தக் காலத்தில் இப்படியொரு கூந்தலா!” என்று மாப்பிள்ளையின் மாமி அதைக் கையிலெடுத்தே பார்த்தாராம். அதன் பிறகு பெண்ணுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் கழித்து, சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி உதிரத் தொடங்கியது. இப்போது பின்னல் எலிவாலாகிவிட்டது. நிக்காஹுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது.

“ஹஜ்ரத்! சிங்கப்பூரிலிருந்து என் தங்கை ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். கிளிப் முடி என்கிறார்கள். வைத்தால் யாருக்கும் தெரியாதாம். தடவிப் பார்த்தாலும் தெரியாதாம். வைக்கக் கூடுமா?” என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது.

சகோதரிகளே! நாம் திகைத்துப் போனோம். ஏனென்றால் இக்கேள்வி புதிதன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் மதீனா நகரில், இதே போன்றதொரு தாய், இதே போன்றதொரு மகளுக்காக, இதே கேள்வியைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறார்.

மதீனத்துத் தாயின் கேள்வி

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மூத்த சகோதரியார் அஸ்மா (ரலி) அவர்கள் அச்செய்தியை அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் கிரந்தங்களிலும் அது இடம்பெற்றுள்ளது. புதுமணப் பெண்ணான தம் மகளுக்கு அம்மை போன்றதொரு நோய் கண்டு முடி உதிர்ந்துவிட்டதாகவும், அவளுக்கு வேறு முடியை ஒட்டிவிடலாமா என்றும் ஒரு பெண்மணி வினவினார். பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. முடியை ஒட்டிவிடுபவளும் ஒட்டிக்கொள்பவளும் அல்லாஹ்வின் சாபத்திற்குரியவர்கள் என்ற கருத்தில் விடையளித்தார்கள். அரபியில் முன்னவளுக்கு வாஸிலா என்றும் பின்னவளுக்கு முஸ்தவ்ஸிலா என்றும் பெயர்.

நோயால் வந்த குறை, புதுமணப் பெண், கண்ணீருடன் ஒரு தாய் ஆகிய இத்தனையும் இருந்தும் கருணையே உருவான நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் அனுமதிக்கவில்லை? இதைத்தான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். காரணம் புரியாமல் சட்டத்தை மட்டும் சொன்னால் அது நெஞ்சில் தங்காது.

உலமாப் பெருமக்கள் இரண்டு காரணங்களை விளக்குகிறார்கள். ஒன்று, மனித உடலின் கண்ணியம். மற்றொன்று, ஏமாற்று.

மனிதனின் கண்ணியம்

ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதாக வல்ல நாயன் தன் திருமறையில் (17:70) அறிவிக்கிறான். அக்கண்ணியம் உயிருக்கு மட்டுமன்று, உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரியது. மனித முடி அசுத்தம் என்பதால் அது விலக்கப்படவில்லை. அது மதிப்புக்குரியது என்பதாலேயே விற்கவும் வாங்கவும் ஒட்டவும் கூடாதென்று ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபின் இமாம்களும் கூறுகிறார்கள். வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் மண்ணில் புதைப்பது சிறந்தது என்று சட்ட நூல்கள் சொல்வதும் இதனாலேயே.

நம் வீடுகளில் இன்று நடப்பதென்ன? தெருவில் சிக்கு முடி வாங்குபவர் குரல் கொடுத்ததும், மாதக் கணக்கில் சுருட்டிச் சேர்த்த முடியைக் கொடுத்துவிட்டு ஒரு பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறோம். அந்த முடி எங்கே போகிறது என்று என்றாவது கேட்டதுண்டா? சிக்கெடுத்து, தரம் பிரித்து, சாயமேற்றி, கடல் கடந்து, யாரோ ஒருத்தியின் தலைக்குப் போகிறது! உலகுக்கு மனித முடி அனுப்பும் நாடுகளில் நம் இந்தியா முன்னணியில் இருக்கிறது. கச்சா முடி கள்ளத்தனமாக வெளியேறுவதைத் தடுக்க 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடே விதிக்க வேண்டியதாயிற்று என்றால், இவ்வாணிபம் எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

முடியின் பூர்வீகத்தைக் கேட்பது நம் சமுதாயத்தின் வழக்கம் மட்டுமன்று. 2004-ஆம் ஆண்டு, இந்தியக் கோவிலில் காணிக்கையாகச் செலுத்தப்பட்ட முடியால் ஆன பொய்முடிகளை அணியக் கூடாதென்று யூத மத குரு ஒருவர் தீர்ப்பளித்தபோது, அமெரிக்காவின் புரூக்ளினில் யூதப் பெண்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவர்களுடைய காரணம் வேறு, நம்முடைய காரணம் வேறு. எனினும், தலையில் வைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். நாம் கேட்கிறோமா?

எது கூடும், எது கூடாது?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில் நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தைத் தெளிவாகப் பிரித்துத் தந்துள்ளார்கள். அதன் சாரம் வருமாறு:

மனித முடி: ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும் ஒட்டுவது ஹராம். தன் தலையிலிருந்து உதிர்ந்த முடியையே சேர்த்துச் சவுரியாகக் கட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சொந்த முடியாயினும் பிறர் முடியாயினும் ஒன்றே என்று ஹனஃபீ சட்ட நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன.

அசுத்தமான பிராணி முடி: முறைப்படி அறுக்கப்படாமல் செத்த பிராணியின் முடி இவ்வகையைச் சேர்ந்தது. இதுவும் ஹராம். இதை வைத்துக்கொண்டு தொழுதால் தொழுகையும் கூடாது.

சுத்தமான பிராணி முடி: மணமாகாத பெண்ணுக்கு இதுவும் கூடாது. மணமான பெண், கணவரின் அனுமதியுடன் வைத்துக்கொள்ளலாம் என்பதே மத்ஹபின் சரியான சொல்.

பட்டு நூல், வண்ணக் கயிறு போன்று, பார்த்ததும் முடியன்று என்று தெரிபவை: இவற்றுக்குத் தடையில்லை. ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்) அவர்களும் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும் ‘கராமில்’ என்னும் நூற்சடையில் தவறில்லை என்று கூறியதாக அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். நம் பெண்மக்கள் பின்னலின் நுனியில் கட்டுகிறார்களே குஞ்சம், அதுதான் அரபகத்தின் கராமில்!

ஹனஃபீ மத்ஹபில் மனித முடி மட்டுமே தடை. பிராணிகளின் சுத்தமான முடிக்கும் கம்பளி நூலுக்கும் சலுகையுண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ எதையும் ஒட்டக் கூடாதென்று கூறியுள்ளார்கள்.

இக்காலத்தில் ஆலைகளில் செய்யப்படும் செயற்கை இழை அன்றைய நூல்களில் இல்லை. அது மனித முடியன்று, அசுத்தமுமன்று. ஆனால் பார்வைக்கு முடியைப் போலவே இருக்கிறது. எனவே சுத்தமான பிராணி முடிக்குரிய சட்டத்தோடு இதைச் சேர்த்து, கணவர் அறிந்து அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம் என்று கூறுவோர் உண்டு. அறவே தவிர்ப்பது பேணுதல் என்போரும் உண்டு.

ஆகவே, பெட்டியை வாங்குமுன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘100 சதவீதம் மனித முடி’ என்று பெருமையாக அச்சிட்டிருந்தால், கடைக்காரருக்கு அது உயர்ந்த சரக்கு. நமக்கோ தொடக் கூடாத சரக்கு. விலை மலிந்தவற்றில் பல முடிகள் கலந்திருக்கலாம். இன்னதென்று தெரியாததை வாங்காமல் விடுவதே பேணுதல்.

“யாருக்கும் தெரியாது”

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருவோம்.

நம் பாட்டிமார் காலத்துச் சவுரி, பின்னலோடு சேர்த்துக் கட்டும் ஒரு கற்றை. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாலே சவுரி என்று தெரிந்துவிடும். இன்று வரும் கிளிப் முடி அப்படியன்று. தோலைப் போல மெல்லிய பட்டையில் முடியைப் பதித்து, உட்புறம் சின்னஞ்சிறு கிளிப்புகளை வைத்திருக்கிறார்கள். மேல் முடியைத் தூக்கி, வேரருகே பொருத்தி, மேல் முடியால் மூடிவிட்டால் தையலும் தெரியாது, மேடும் தெரியாது. அதற்கு ‘சீம்லெஸ்’ என்று பெயர். அதாவது இணைப்பே தெரியாதது என்று பொருள். தெரியாமலிருப்பதற்காகவே அதற்கு இவ்வளவு விலை!

முஆவியா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, பள்ளிவாசல் மிம்பரில் நின்று ஒரு முடிக் கற்றையைக் கையில் தூக்கிக் காட்டி, இங்குள்ள ஆலிம்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு ‘ஸூர்’ என்று பெயரிட்டதாகவும் எடுத்துரைத்தார்கள். ஸூர் என்றால் பொய். நாவால் சொல்லும் பொய் மட்டுமன்று, தலையால் சொல்லும் பொய்யும் பொய்தான்.

மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணலார் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற பொருள்பட எச்சரித்தார்கள். நெல் விளையும் இந்தக் காவிரிக் கடைமடையில் வாழும் நமக்கு இந்த உவமை விளங்காதா? மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததுதான் குற்றம்.

முடி உதிர்ந்தது அந்தப் பெண்ணின் குற்றமன்று. அது அல்லாஹ்வின் சோதனை. ஆனால் பின்னலைக் கையிலெடுத்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன வீட்டாரிடம் ஒட்டு முடியை வைத்து மறைப்பது, நனைந்த நெல்லின்மேல் உலர்ந்த நெல்லைப் பரப்புவதாகும். இரவில் கிளிப்பைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? புது மாப்பிள்ளையின் முன்னால் முதல் நாளே அது கழன்று வந்தால், போவது முடி மட்டுமா? அவள் மேல் அவன் வைக்கும் நம்பிக்கையும் அல்லவா கழன்றுபோகும்!

இது ஆண்களுக்கும் பொருந்தும். வழுக்கையைப் பொய்முடியால் மறைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்! தன் முடியையே எடுத்துத் தலையில் நட்டு வளரச் செய்யும் சிகிச்சை வேறு. அது ஒட்டு முடியன்று, மருத்துவம். 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உதிர்ந்த முடியை நட்டு வளர்ப்பதற்கு இடமளித்திருக்கிறது.

உளூவும் குளிப்பும்

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. உளூவில் தலைக்கு மஸஹ் செய்வது நம் சொந்த முடியின் மேல் அல்லது தலையின் தோல் மேல் அமைய வேண்டும். ஒட்டு முடியைத் தடவினால் மஸஹ் நிறைவேறாது. கடமையான குளிப்பில் தண்ணீர் முடியின் வேர் வரை சேர வேண்டும். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தம் இறுகப் பின்னிய சடையை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டபோது, தலையில் மூன்று முறை அள்ளி ஊற்றினால் போதுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் இலேசாக்கினார்கள். அச்சலுகை நம் சொந்தச் சடைக்கு. அவிழ்க்காமல் நீர் உட்புகாதென்றால் அதையும் அவிழ்த்தாக வேண்டும் என்பதே நம் மத்ஹபின் சட்டம். அப்படியிருக்க, வேரை மூடியிருக்கும் பட்டையை வைத்துக்கொண்டு குளித்தால் அக்குளிப்பும் அதன் பின் தொழுத தொழுகையும் என்னாவது? ஆகுமான இழையாயினும் அதைக் கழற்றிவிட்டே குளிக்க வேண்டும். கழற்ற முடியாதபடி பசையால் ஒட்டிவிடும் வகைகளை நாடவே கூடாது.

நாம் செய்த தவறு

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். மதரஸாவில் ஸனது வாங்கி இமாமத்துக்கு வந்த புதிதில், ஒரு சகோதரர் தம் தங்கைக்காகக் கேட்டார். புற்றுநோய்க்கு மருந்தேற்றியதில் தங்கையின் தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிட்டது. பொய்முடி வைக்கலாமா என்பது கேள்வி. நாம் கிதாபை மூடாமலே, “ஹராம்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டோம். எந்த முடி என்று கேட்கவில்லை. யாரிடமிருந்து மறைக்க என்று கேட்கவில்லை. அச்சகோதரி எப்படியிருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் எந்த நிக்காஹ் வீட்டுக்கும், பெண்கள் மஜ்லிஸுக்கும் வருவதில்லை என்று பின்னர் நம் வீட்டார் மூலம் அறிந்தோம். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நாம் சொல்லியிருக்க வேண்டியதென்ன? போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் வீசியபோது, ஆண்களுக்குத் தங்கம் ஹராமாயிருந்தும், தங்க மூக்கு வைத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இருக்கும் அழகைக் கூட்டுவது வேறு, நேர்ந்துவிட்ட குறையை நீக்குவது வேறு என்பதற்கு இதை ஆதாரமாகக் கொண்டு, முற்றிலும் முடியிழந்த பெண் பொய்முடி அணிய இடமுண்டு என்று 2001-இல் மறைந்த அரபு நாட்டு அறிஞர் இப்னு உஸைமீன் போன்றோர் கூறியுள்ளனர். மனித முடியைத் தவிர்த்து இழையாலானதை அணிந்தால் பேணுதலும் நிறைவேறும். இதைச் சொல்லியிருக்கலாம். மருந்து நின்றபின் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் முளைக்கிறது என்று ஆறுதலாவது கூறியிருக்கலாம். ஆலிம்களாகிய நாம் சட்டத்தைத் தளர்த்த உரிமையற்றவர்கள். ஆனால் கேட்பவரின் கண்ணீரைப் பார்க்காமல் பேசவும் உரிமையற்றவர்கள்.

திரைக்கு அப்பால்

ஆகவே இம்முறை நாம் அவசரப்படவில்லை. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். மனித முடி என்றே எழுதியிருந்தது. “லாத்தா! இது கூடாது. நிக்காஹுக்கு முன்னால் இழை முடியும் வேண்டாம். முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள்” என்றோம்.

“சொன்னால் நிக்காஹ் நின்றுவிடுமே ஹஜ்ரத்?”

“நின்றாலும் சட்டம் இதுதான் லாத்தா. ஆனால் காய்ச்சலால் கொட்டிய முடிக்காக நிற்கும் நிக்காஹ், நாளை பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடியைத் தாங்குமா?”

திரைக்கு அப்பால் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண்ணின் குரலே கேட்டது. “உம்மா, சொல்லிவிடுங்கள். எனக்கும் பயந்து பயந்து வாழ முடியாது.”

மருத்துவரிடமும் காட்டச் சொன்னோம். கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வதுண்டென்றும், பெரும்பாலும் தானே திரும்ப வளருமென்றும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் முடிக்குப் பொறுமைதான் மருந்தென்றும் அவர் கூறினாராம். பலமிழந்த வேர்களில் கிளிப்பைக் கவ்வவிட்டால் இருப்பதும் இழுபட்டு உதிரும் என்றும் எச்சரித்தாராம். மார்க்கம் தடுத்ததை மருத்துவமும் தடுத்ததைக் கண்டு அத்தாய் வியந்தார்.

பெரியவரே மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்று சொன்னார். இரண்டு நாள் பதிலில்லை. அந்த இரண்டு இரவும் தாம் கண்ணை மூடவில்லை என்று அத்தாய் பின்னர் கூறினார். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாயார் வந்தார். “முடிக்கா சம்பந்தம் பேசினோம்? பிள்ளைக்கு உடம்பு இப்போது எப்படியிருக்கிறது?” என்று கேட்டாராம். பின்னலைக் கையிலெடுத்துப் பார்த்த மாமிக்கு மட்டும் முகம் வாடியதாம். நிக்காஹ் நடந்தது. மணப்பெண்ணின் சிறிய பின்னலில் மல்லிகைச் சரமும் பட்டுக் குஞ்சமும் இருந்தன என்று நம் வீட்டார் வந்து கூறினார்கள்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே! ஒட்டு முடி வைப்பவளைக் குறை கூறுமுன், அவளை அதற்குத் துரத்தியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பின்னலை முழம் போட்டு அளப்பதை நிறுத்துங்கள். பொருள், குலம், அழகு, மார்க்கம் ஆகிய நான்கில் மார்க்கமுடையவளையே நாடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். முடியின் நீளத்தை அதில் ஐந்தாவதாக யாரும் சேர்க்கவில்லை.

இளம் பெண்மக்களே! முடியுள்ளவர் அதைப் பேணிக் கண்ணியப்படுத்தவும் ஏவப்பட்டிருக்கிறோம். எண்ணெய் தேய்த்து, சீவி, பூச்சூடி, குஞ்சம் கட்டிக் கணவரின் முன் அழகாக இருங்கள். அது தடையன்று, நன்மை. இருப்பதைப் பேணுங்கள்; இல்லாததை இருப்பதாகக் காட்டாதீர்கள்.

நாயகத்தின் அருமை மகளார் மறைந்தபோது, உம்மு அத்திய்யா (ரலி) முதலிய பெண்மணிகள் அவர்களைக் குளிப்பாட்டி, கூந்தலை மூன்று சடைகளாகப் பின்னி முதுகுப்புறம் விட்டார்கள். நம்மையும் ஒரு நாள் நம் ஊர்ப் பெண்கள் கிடத்திக் குளிப்பாட்டுவார்கள். ஒட்டியதெல்லாம் அன்று கழற்றப்படும். கபனுக்குள் நம்மோடு வருவது, குட்டையோ நெட்டையோ, அல்லாஹ் நமக்கென்று தந்த முடிதான். அதைக் கொண்டு இன்றே பொருந்திக்கொள்வோம்.

நோயால் முடியிழந்த நம் சகோதரிகள் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! நம் வெளியையும் உள்ளையும் உண்மையால் அழகுபடுத்துவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.